கப்பலேறிப் போனவர்களின் குடிவழி: வாசகர் கேள்விகளும் ஆய்வாளர் பதில்களும்

குடும்ப வரலாறு குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நம் இதழின் குடிவழி ஆய்வாளர் இந்தப் பகுதியில் பதில் அளிக்கிறார். ஒப்பந்தக் கூலிகளாகவும் தோட்டத் தொழிலாளர்களாகவும் கடல் கடந்து போன முன்னோரைப் பற்றியே இம்முறை பெரும்பாலானோர் கேட்டிருப்பதால், அக்கேள்விகளுக்கு முதலிடம் தரப்பட்டுள்ளது.

அண்மைக் காலமாக நீங்கள் எந்தக் குடும்பத்தின் வரலாற்றைத் தேடி வருகிறீர்கள்? அந்தத் தேடல் எப்படி நடந்தது என்று விளக்க முடியுமா? (ஒரு வாசகர், ஆரணி)

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐந்து தலைமுறையாக வாழும் ஒரு குடும்பத்தின் வேரைத் தேடும் பணியே என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டால் காலனிக்கு 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். கரும்புத் தோட்டங்களிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் ரயில் பாதைகளிலும் அவர்கள் உழைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுக்கப்பட்டது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பிலுள்ள அடையாளம் ஆகியவை அந்த எண்ணுக்கு நேரே கப்பல் பட்டியலில் எழுதப்பட்டன. அந்தப் பட்டியல்கள் இன்றும் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இந்தக் குடும்பத்தார் நல்வாய்ப்பாகத் தங்கள் கொள்ளுத்தாத்தாவின் காலனி எண் குறிக்கப்பட்ட பழைய தாள் ஒன்றைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அதைக் கொண்டு கப்பல் பட்டியலில் அவருக்குரிய வரியை எடுத்தோம். வட ஆர்க்காடு ஜில்லா, போளூர் தாலுகா என்பது தெளிவாக இருந்தது. ஊர்ப் பெயர் சிதைந்திருந்தாலும் அடையாளம் காண முடிந்தது. தகப்பன் பெயரும், இடது முன்கையில் தழும்பு என்ற குறிப்பும் இருந்தன. பலரும் இந்த ஒரு வரி கிடைத்ததும் தேடல் முடிந்துவிட்டதாக எண்ணி, அடுத்த வாரமே அந்த ஊருக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். ஆனால் அந்த வரிக்கு மேலும் கீழும் உள்ள பெயர்களையும் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஒரே ஊரிலிருந்து சேர்ந்து கிளம்பியவர்கள், கப்பலேறும் முன் தங்கவைக்கப்பட்ட முகாமான டிப்போவிலும் சேர்ந்தே பதிவானதால், அடுத்தடுத்த எண்களில் ஊர்க்காரர்களும் உறவினர்களும் வருவது உண்டு. இவருக்கு அடுத்த எண்ணில் இருந்தவரும் அதே ஊர்க்காரர். தகப்பன் பெயரும் ஒன்றே. இருவரும் உடன்பிறந்தவர்களாக இருக்கக்கூடும் என்று அப்போதைக்குப் பென்சிலால் குறித்துக்கொண்டோம்.

ஊரில் நடந்த தேடல் வேறு விதமானது. அந்த ஊரின் பங்காளிகள் குலதெய்வக் கோயிலில் ஆண்டுக்கு ஒருமுறை பொங்கல் வைக்கும்போது தலைக்கட்டு வரி பிரிப்பார்கள். யார் யார் எந்த வகையறா என்பது அந்த வரிக் கணக்கில் இருக்கிறது. அக்கணக்கை வைத்திருந்த பெரியவர், தம் பாட்டனாரோடு பிறந்த இருவர் கப்பலேறிப் போனதாகவும், போனவர்களிடமிருந்து கடிதம்கூட வரவில்லை என்றும் சிறுவயதில் கேட்டதாகச் சொன்னார். நேட்டால் என்ற பெயர் அவருக்குத் தெரியாது. 'அக்கரைச் சீமை' என்றுதான் சொன்னார். வாய்மொழிச் செய்தி வழி காட்டுமே தவிர, அதை மட்டும் வைத்து உறவை உறுதிசெய்ய முடியாது. எனவே சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பெயர் அட்டவணையைத் தேடினோம். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தது. நான்கு பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய நிலத்தை இருவர் மட்டும் பங்கிட்டிருந்தார்கள். மற்ற இருவரும் அக்கரை போய்த் திரும்பாததால் அவர்கள் பாகத்தையும் தாங்களே அனுபவித்து வருவதாகவும், அவர்கள் வந்து கேட்டால் கொடுப்பதாகவும் எழுதியிருந்தது. அப்படிப் போன இருவரின் பெயர்களும் கப்பல் பட்டியலின் இரண்டு பெயர்களோடு பொருந்தின.

இந்த இடத்தில்தான் நான் உறவு உறுதியாயிற்று என்று அந்தக் குடும்பத்துக்கு எழுதினேன். ஊர்ப் பெயரையும் குடும்பப் பெயர்களையும் இங்கே தராமல் விடுவது அவர்கள் விருப்பப்படியே. கடல் கடந்தவர்கள் கையில் பாதிச் சான்றும், ஊரிலேயே தங்கியவர்கள் கையில் மறு பாதியும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இருக்கும் நாம் இந்த வேலையை வெளிநாட்டாரின் ஆவல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. உங்கள் வீட்டில் கப்பலேறிப் போனவர் ஒருவரைப் பற்றிய பேச்சு இருந்தால், அதைக் கேட்ட பெரியவர் உயிரோடு இருக்கும்போதே எழுதி வையுங்கள். எதிர்க்கரையில் யாரோ அதே பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கப்பல் பட்டியலில் என் முன்னோரின் ஊர்ப் பெயர் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் எந்த ஊரும் வரைபடத்தில் இல்லை. என்ன செய்வது? (ஒரு வாசகி, டர்பன்)

அந்தப் பெயர் உங்கள் கைக்கு வருவதற்குள் பலமுறை மாறியிருக்கிறது. ஊர்க்காரர் சொன்னதை டிப்போ எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். அந்தக் கையெழுத்தைப் பிற்காலத்தில் கணினியில் ஏற்றியவர்கள் பெரும்பாலும் தமிழ் அறியாதவர்கள். பழைய ஆங்கிலக் கையெழுத்தில் 'என்' என்ற எழுத்தும் 'யு' என்ற எழுத்தும் ஒன்றுபோலவே தெரியும். 'ஆர்னி' என்று எழுதப்பட்ட ஆரணி, படியெடுத்தவர் கண்ணில் 'ஆருய்' ஆகிவிடும். ஆகவே கணினிப் பட்டியலோடு நின்றுவிடாமல் மூலப் பக்கத்தின் படத்தைப் பெறுங்கள். பிறகு பெயரை வாய்விட்டுப் பலமுறை படியுங்கள். பாக்கம், பாளையம், குப்பம், மங்கலம், நல்லூர், பட்டி என்ற ஈறுகளில் எது ஒளிந்திருக்கிறது என்று பெரும்பாலும் காதுக்குப் பிடிபடும்.

அடுத்து தாலுகாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். நல்லூரும் புதுப்பாளையமும் மாவட்டத்துக்கு மாவட்டம் உண்டு. தாலுகா பெயர் இல்லாமல் ஊர்ப் பெயரால் மட்டும் பயன் இல்லை. ஜில்லாவின் எல்லை அன்று எப்படி இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. வட ஆர்க்காடு என்று 1880-களில் எழுதப்பட்டிருந்தால், இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டப் பகுதிகளோடு ஆந்திரத்தின் சித்தூரையும் சேர்த்துத் தேட வேண்டும். சித்தூர் தனி மாவட்டமானது 1911-இல்தான். திருத்தணி 1960-இல் சித்தூரிலிருந்து தமிழகத்துக்கு வந்தது. வட ஆர்க்காடு 1989-இல் பிரிந்தது. தென் ஆர்க்காடு 1993-இல் கடலூராகவும் விழுப்புரமாகவும் பிரிந்தது. வேலூர் 2019-இல் மூன்றானது. இன்று ஆந்திரத்தில் இருக்கும் பலமநேரி தாலுகாவைச் சேர்ந்த ஒருவரின் வழித்தோன்றல்கள் தமிழ்நாட்டு வரைபடத்தை மட்டும் எத்தனை ஆண்டு புரட்டினாலும் அந்த ஊர் கிடைக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் கவுண்டர் என்பது 'கவெண்டர்' என்றும், முதலி என்பது 'மூட்லி' என்றும் குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. வேறு பல வீடுகளில் தகப்பனாரின் பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகி, உடன்பிறந்த இருவருக்கு இரு வேறு குடும்பப் பெயர்கள் அமைந்ததும் உண்டு. இந்தியாவில் தேடும்போது குடும்பப் பெயரை நம்பாமல், கப்பலேறிப் போனவரின் பெயர், அவர் தகப்பன் பெயர், ஊர் ஆகிய மூன்றையும் சேர்த்தே தேடுங்கள். கப்பலில் வந்தவர் இறந்தபோது சொத்து இருந்திருந்தால், தென்னாப்பிரிக்க உயர் நீதிமன்றத்தின் சொத்துக் கோப்புகளில் அவருடைய மரண அறிவிப்பைக் கேட்டுப் பாருங்கள். பெற்றோர், மனைவி, மக்கள் பெயர்களுக்கு அதில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு.

எங்கள் வீட்டுப் பழைய பத்திரம் ஒன்றில் 'ஆனந்த வருஷம் தை மாதம்' என்று மட்டும் இருக்கிறது. எழுதிக்கொடுத்தவர் பெயர் ராமசாமி மகன் முனுசாமி. இது என் தாத்தாவா, அவருடைய தாத்தாவா? (ஒரு வாசகர், குடியாத்தம்)

மிக நல்ல கேள்வி. தமிழ்க் குடிவழி ஆய்வில் அதிகம் பேர் தடுமாறும் இடமும் இதுவே. பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுகள் சுழன்று வருவதால், ஆனந்த ஆண்டு 1854, 1914, 1974 என்று திரும்பத் திரும்பப் பிறக்கிறது. தை மாதம் என்பதால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடி, 1855, 1915, 1975 ஆகியவற்றின் தொடக்க வாரங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். இதோடு பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் நம் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. ராமசாமி மகன் முனுசாமி, முனுசாமி மகன் ராமசாமி, மீண்டும் ராமசாமி மகன் முனுசாமி என்று பெயர்கள் இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை திரும்பும். இரண்டு தலைமுறை என்பது ஐம்பது அறுபது ஆண்டுகள். ஆகவே பெயரும் தகப்பன் பெயரும் ஆண்டுப் பெயரும் மூன்றும் ஒத்திருந்தும் ஆள் வேறாக இருக்க முழு வாய்ப்பு உண்டு. அச்சிட்டுக் கொண்டாடப்பட்ட குடும்ப வரலாறுகளிலேயே இப்படி இரண்டு பேர் ஒருவராகி, இடையில் இரு தலைமுறை காணாமல் போயிருப்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

பத்திரத்தையே கூர்ந்து பார்த்தால் விடை அதிலேயே இருக்கும். முத்திரைத்தாளில் யார் தலை இருக்கிறது? ஐந்தாம் ஜார்ஜின் தலை என்றால் 1915. நான்முகச் சிங்கம் என்றால் 1975. நிலத்துக்கு சர்வே எண் கொடுக்கப்பட்டிருந்தால் அது 1855 ஆக இருக்க முடியாது. சென்னை மாகாணத்தில் நில அளவைத் துறை தொடங்கப்பட்டதே 1858-இல்தான். குழி, காணி என்று அளவு சொல்லப்பட்டிருக்கிறதா, ஏக்கர், சென்ட் என்றிருக்கிறதா என்பதும் உதவும். பதிவு எண்ணும் சார்பதிவாளர் முத்திரையும் இருந்தால், பத்திரப் பதிவு நடைமுறைக்கு வந்த 1865-க்குப் பிற்பட்டது. கிழமையும் திதியும் எழுதியிருந்தால் அந்தந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிடுங்கள். தேதி, கிழமை, திதி மூன்றும் ஒன்றாகப் பொருந்தும் ஆண்டு பெரும்பாலும் ஒன்றே ஒன்றாக இருக்கும்.

வருவாய்த் துறைப் பதிவுகளில் பசலி ஆண்டு இருந்தால் அதோடு 590-ஐக் கூட்டுங்கள். ஜூலையில் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வந்துவிடும். தென் மாவட்டங்களில் கொல்லம் ஆண்டு எழுதும் வழக்கம் இருந்தது. அதற்கு மாதத்தைப் பார்த்து 824 அல்லது 825 கூட்ட வேண்டும்.

உங்கள் பத்திரத்தின் முழுப் படத்தையும் பின்பக்கத்தோடு எடுத்து வையுங்கள். எழுதியவர் பெயர், சாட்சிகளின் பெயர், நான்கெல்லைக்காரர்களின் பெயர் ஆகியவற்றுக்கு எழுதிக்கொடுத்தவர் பெயருக்கு நிகரான மதிப்பு உண்டு. எல்லைக்காரர்களில் பங்காளிகள் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் என் பாட்டனாரின் பெயரைப் பார்க்க முடியுமா? (ஒரு வாசகர், வேலூர்)

முடியாது. 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி தனி மனிதர் பற்றிய பதிவுகளை யாரும் பார்வையிட இயலாது. பழைய கணக்கெடுப்பின் கிராமப் பட்டியல்கள் ஊர்களை அடையாளம் காண மட்டும் பயன்படும்.

எங்கள் முன்னோர் நிலமில்லாத பண்ணையாட்கள். பாட்டனாரின் தகப்பனார் மோரீசுக்குப் போனதாகச் சொல்கிறார்கள். எந்தப் பத்திரத்திலும் எங்கள் பெயர் இல்லை. எங்களுக்கும் குடிவழி தேட வழி உண்டா? (ஒரு வாசகர், செங்கல்பட்டு)

உண்டு. இந்தக் கேள்வியை அனுப்பியதற்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன். நிலம் உள்ளவர்களுக்கு பட்டா, பத்திரம், இனாம் பதிவேடு என்று காகிதம் குவிந்து கிடக்கிறது. 1858-க்குப் பின் நடந்த இனாம் விசாரணையின் பதிவேடுகளில், மானியத்தை முதலில் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் அவருக்கு என்ன உறவு என்பதுகூட எழுதப்பட்டிருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அவற்றைப் பார்க்கலாம். அதே ஊரில் அந்த நிலத்தை உழுதவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கப்பலேறிய பிறகுதான் அவர் பெயரும், அவர் தகப்பன் பெயரும், அவர் உயரமும், அவர் முகமும் முதன்முறையாகப் பதிவாயின. இது நம் ஊர்களுக்குப் பெருமை தரும் செய்தி அன்று. ஆனாலும் தேடுபவருக்கு அதுவே வாயிலாக அமைகிறது.

மோரீசில் மோக்கா என்ற இடத்தில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இந்தியக் குடியேற்றப் பதிவேடுகள் பாதுகாக்கப்படுகின்றன. 1860-களிலிருந்து தொழிலாளர்களின் புகைப்படங்களும் அவற்றில் உண்டு. அங்குள்ள வழித்தோன்றல்கள் தங்கள் முன்னோரின் பதிவுக்குச் சான்று பெற்றுக்கொள்கிறார்கள். உங்களுக்கு உறவினர் யாரும் அங்கே தெரியாவிட்டாலும், பெயர், தகப்பன் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு போனார் என்ற மூன்றையும் தெளிவாக எழுதி விசாரிக்கலாம்.

இங்கேயே பார்க்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையின் பயனாக, 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க அரசாணை பிறந்தது. அந்தப் பஞ்சமி நிலங்கள் உங்கள் ஊரில் யாருக்கு வழங்கப்பட்டன என்பதைப் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டிலும் கிராம 'அ' பதிவேட்டிலும் தேடுங்கள். கப்பலேறியவரோடு பிறந்து ஊரில் தங்கியவர் அங்கே தென்படக்கூடும். உங்கள் மூதாதையரில் யாரேனும் கிறித்தவரானார்கள் என்ற பேச்சு இருந்தால், அந்தச் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் விட்டுவிடாதீர்கள். தரங்கம்பாடியில் 1707-இலேயே ஞானஸ்நானங்கள் தொடங்கிவிட்டன. மற்ற ஊர்களில் மிஷன் எப்போது வந்தது என்பதைப் பொறுத்துப் பதிவேட்டின் தொடக்கம் அமையும்.

கப்பல் பட்டியலில் சாதிக் கட்டத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துச் சிலர் தயங்குகிறார்கள். அந்தக் கட்டத்தை விட்டுவிட்டுப் படியெடுக்கச் சொல்கிறவர்களும் உண்டு, உயர்த்தி எழுதச் சொல்கிறவர்களும் உண்டு. நான் இரண்டுக்கும் உடன்படுவதில்லை. எழுதியிருப்பதை எழுதியபடியே படியெடுக்க வேண்டும். அந்த மனிதர் அத்தனை இழிவையும் கடந்து, தெரியாத கடலைக் கடந்து, ஒரு குடும்பத்தை நிலைநிறுத்தினார். அவருடைய பதிவைத் திருத்துவதற்கு நமக்கு உரிமை இல்லை.

பெண்களின் வழியைத் தேடவே முடியவில்லை. பாட்டியின் பெயருக்கு மேல் எதுவும் தெரியவில்லை. (ஒரு வாசகி, கும்பகோணம்)

பெண்கள் வேறு காகிதங்களில் இருக்கிறார்கள். முதலில் வீட்டிலுள்ள மொய் நோட்டுகளை எடுங்கள். தாத்தா காலத்துக் கல்யாணத்துக்கு மொய் எழுதிய நோட்டில் பெயரோடு ஊரும் எழுதப்பட்டிருக்கும். தாய்மாமன் மொய்யே பெரும்பாலும் முதல் வரியாக இருக்கும். அந்த ஒரு வரி, பாட்டியின் பிறந்த ஊரையும் அவர் உடன்பிறந்தவர் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிடும். எலி கடித்த ஒரு நீள நோட்டில், மஞ்சள் தடவிய முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழிக்குக் கீழே இப்படி ஒரு வரியைப் பார்த்துவிட்டு, எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் தம் பாட்டியின் பிறந்தகத்துக்கு முதன்முறையாகப் போய் வந்தார். அடுத்து கல்யாணப் பத்திரிகைகளும் கருமாதிப் பத்திரிகைகளும். பழைய நோட்டுகளைப் பரண் சுத்தம் செய்யும்போது எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு இன்னும் வசதி இருக்கிறது. நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் மணமகன் சார்ந்த கோயிலில் திருமணம் ஒரு புள்ளியாக, அதாவது ஒரு குடும்பக் கணக்காகப் பதிவாகிறது. இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தத்தில் இரு வீட்டாரின் பெயரும் எழுதப்படுகிறது.

கடல் கடந்த பெண்களைப் பொறுத்தவரை, நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருக்க வேண்டும் என்ற விதி அக்காலத்தில் இருந்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி எண், தனித் தகப்பன் பெயர், தனி ஊர் எழுதப்பட்டன. கணவனின் ஊரே மனைவியின் ஊர் என்று எடுத்துக்கொள்ளாமல் அவர் வரியைத் தனியே படியுங்கள். டிப்போவில் சந்தித்து மணந்தவர்களும் உண்டு. தனியாக வந்த விதவைகளும் உண்டு. அந்த ஒரு வரியைத் தவிர அவர்களைப் பற்றி வேறு எந்தப் பதிவும் எஞ்சவில்லை என்பதால், அதை நான் எப்போதும் முழுதாகவே படியெடுக்கிறேன்.

மரபணுச் சோதனை செய்துகொண்டால் ஊர் தெரிந்துவிடுமா? (ஒரு வாசகர், கோலாலம்பூர்)

ஊர் தெரியாது. அந்த நிறுவனங்களின் தரவில் ஏற்கெனவே சோதனை செய்துகொண்டவர்களில் யார் உங்களோடு எவ்வளவு பொருந்துகிறார்கள் என்பதுதான் தெரியும். தமிழ்நாட்டுக் கிராமத்தில் இருக்கும் உங்கள் பங்காளி சோதனை செய்துகொள்ளாதவரை அவர் அங்கே வரப்போவதில்லை. மேலும், பாட்டனின் பாட்டனிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கும் பங்கு சராசரியாகப் பதினாறில் ஒன்றுதான்.

நம்மவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று முறைக்குள்ளேயே பல தலைமுறை மணந்த குடும்பங்களில் ஒரே மூதாதை பல வழிகளில் வருகிறார். பெற்றோர் மாமன் மகளும் அத்தை மகனுமாக இருந்தால் உங்களுக்குப் பூட்டன் பூட்டிகள் எட்டுப் பேருக்குப் பதிலாக ஆறு பேரே. அக்காள் மகளை மணந்த வீட்டில், தகப்பனைப் பெற்ற பாட்டனே தாய் வழியில் பூட்டனாகவும் வருகிறார். இதனால் சோதனை முடிவு தூரத்து உறவைக் கிட்டத்து உறவாகக் காட்டிவிடும். குடிவழி வரையும் மென்பொருள்களும் அதே மனிதரை இரண்டு தலைமுறைகளில் இரண்டு பேராக வரைந்துவிடுகின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, முதலில் காகிதத்தில் கையால் வரைந்துகொண்டு, பிறகு கணினியில் ஏற்றுங்கள்.

பெரியவர்களிடம் கேட்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். நம் பேச்சில் பாட்டனாரின் உடன்பிறந்தவரும் தாத்தாதான். 'எங்கள் தாத்தா மலேயாவில் இருந்தார்' என்று சொன்னால், 'உங்கள் அப்பாவைப் பெற்றவரா, அவரோடு பிறந்தவரா?' என்று அடுத்த கேள்வியாகவே கேட்டுவிடுங்கள்.

எங்கள் பெற்றோர் இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பியவர்கள். எங்கள் பூர்வீக ஊர் எதுவென்று அறிய என்ன காகிதங்கள் உதவும்? (ஒரு வாசகி, கோத்தகிரி)

1948-இல் குடியுரிமை இழந்து, 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்ட மக்களின் பிள்ளை நீங்கள். அந்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று எழுதப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974-இல் முடிவானது. குடியுரிமைக்காக அந்த மக்களிடம் கேட்கப்பட்ட சான்றுகள் அளவற்றவை. அன்று வதைத்த அந்தக் காகிதங்களே இன்று உங்கள் குடிவழிக்குத் துணை நிற்கும்.

முதலில் பெற்றோரின் இந்தியப் பாஸ்போர்ட்டையும், தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டையையும் தேடுங்கள். பூர்வீக ஊர், மாவட்டம் ஆகியவை அவற்றில் இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, தோட்டத்தில் பிறந்தவர்களின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ். பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய முழுப் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றை எழுதுவதற்கே அந்தச் சான்றிதழில் ஒரு கட்டம் உண்டு. தகப்பனார் இலங்கையில் பிறக்காதிருந்தால் பூட்டனாரைப் பற்றிய கட்டமும் உண்டு. ஒரே தாளில் நான்கு தலைமுறை கிடைக்கக்கூடிய பிறப்புச் சான்றிதழ் உலகில் அரிது. பெற்றோருடையதோடு நில்லாமல், அவர்கள் உடன்பிறந்தார் அனைவருடையதையும் வாங்குங்கள். ஒன்றில் வெறுமையாக விடப்பட்டது இன்னொன்றில் நிரப்பப்பட்டிருக்கும்.

கங்காணி எந்த ஊர்க்காரர் என்று உறவினரிடம் கேளுங்கள். கங்காணிகள் பெரும்பாலும் தங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான் ஆள் சேர்த்தார்கள். தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) பக்கத்தில் வைத்து வணங்கிய தெய்வத்தின் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து அந்தச் சாமியை வைத்தார்கள் என்று முதியோர் யாருக்காவது நினைவிருந்தால், பல காகிதங்கள் தராத விடை கிடைத்துவிடும்.

மோரீசில் இருக்கும் எங்கள் உறவினருக்கு இந்திய வம்சாவளி அட்டை கிடைக்குமா? (ஒரு வாசகர், சிதம்பரம்)

இந்திய வம்சாவளி அட்டைக்குப் பதிலாக இப்போதுள்ள வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை பொதுவாகக் கொள்ளுப்பேரன் தலைமுறை வரையில்தான் கிடைக்கும். மோரீசு மக்களுக்கு 2024 மார்ச்சில் ஏழாம் தலைமுறை வரை சிறப்புச் சலுகை அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு தலைமுறைக்கும் இடையிலான உறவைச் சான்றிதழால் காட்ட வேண்டும் என்பதால், குடியேற்றப் பதிவிலிருந்து இன்றைய பிறப்புச் சான்றிதழ் வரை ஒரு கண்ணியும் விடாமல் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

நான் தயாரித்த குடிவழியை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடலாமா? (ஒரு வாசகர், மதுரை)

காலமானவர்களைப் பற்றியதை வெளியிடுங்கள்; எதிர்க்கரையில் தேடுபவர் கண்ணில் படுவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா, கப்பலேறிய ஆண்டு ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது பழைய எழுத்துக்கூட்டலையும் சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது எந்தப் பதிவிலிருந்து கிடைத்தது என்று குறித்துவிடுங்கள். வாய்மொழியாகக் கேட்டதை வாய்மொழி என்றே எழுதுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, திருமண விவரம் ஆகியவற்றை அவர்கள் ஒப்புதல் இல்லாமல் வெளியிட வேண்டாம். வங்கிக் கணக்குக்கு அடையாளம் சரிபார்க்கத் தாயின் பெயரைக் கேட்கும் காலம் இது. உயிரோடு இருப்பவர்களின் தலைமுறையை வீட்டுக்கென வைத்திருக்கும் படியில் மட்டும் எழுதி, வெளியிடும் படியை அதற்கு முந்தைய தலைமுறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.